சூடில்லாத பல்பு

திங்கட்கிழமை என் இடத்தில் பொறுப்பேற்றதும் நீங்கள் இருவரும் இருப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவீர்கள். வர வேண்டும்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏணி, ரசமட்டம், ஈரப்பதம் அளக்கும் கருவிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் எண்ணிக்கைக்குச் சரியாக வரும். ஒன்று மட்டும் இடிக்கும். பட்டியலில் எல்.இ.டி. பல்புகள் இருபத்து நான்கு என்று இருக்கும். உத்தரத்தை அண்ணாந்து எண்ணினால் இருபத்து மூன்றுதான் வரும். தேட வேண்டாம். அது உடையவில்லை, தொலையவில்லை. எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெறும் தலைமை ஆசிரியை மாதிரி எழுதுகிறேன் என்று வாசல் காவலர் ஜோசப் அண்ணன் கேலி செய்கிறார். ஏழு வருடம் இங்கே இருந்துவிட்டு வேறு ஊரில் வேறு அருங்காட்சியகத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் போகிறவளுக்கு நாலு வார்த்தை பேச உரிமை உண்டு. ஒயரிங், ஆணி, கண்ணாடி துடைக்கும் முறை எல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. இது கோப்பில் இல்லாதது.

நம்முடையது சின்ன இடம் என்பதை நேர்காணலுக்கு வந்தபோதே பார்த்திருப்பீர்கள். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கு, ஒரு கூடம், ஒரு பக்க அறை. சொந்தமாக வைத்திருக்கும் ஓவியங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்காட்சியை மாற்றுகிறோம். மற்றவர்களிடம் இரவல் வாங்கி வைத்துக் காட்டுகிறோம், திருப்பிக் கொடுக்கிறோம். இரவல்தான் நம் பிழைப்பு. தெருவில் போகிறவர்கள் ஜோசப் அண்ணனிடம் "உள்ள இன்னா கீது?" என்று கேட்பார்கள். அவரும் இரண்டு மாதத்துக்கு ஒரு பதில் வைத்திருப்பார். "இந்தவாட்டி படகு." "இந்தவாட்டி பழைய மேப்பு." நவீன ஓவியக் கண்காட்சி ஒன்று நடந்தபோது, "இந்தவாட்டி ஒண்ணும் புரியல, ஆனா ஏசி கீது" என்றார். அந்தப் பதிலை நம்பி நிறையப் பேர் வந்தார்கள்.

நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்தவள். அளக்க முடிந்ததை நம்புவேன். பட்டியல் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். முதல் வருடம் படகுப் புகைப்படங்களை மாட்டியபோது பதினெட்டுப் படங்களையும் ரசமட்டம் வைத்து, மில்லிமீட்டர் பிசகாமல் மாட்டினேன். மூன்றாம் நாள் காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர் ஏழாவது படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "நல்லா கீது. ஆனா எண்ணூரு புகைக்கூண்டு எதிர்ல தெரியுதே, அப்ப வடக்கப் பாத்துதான எடுத்துகீறாங்கோ? வடக்கப் பாத்து நின்னா கடலு சோத்தாங்கை பக்கம் இல்ல வரணும்? இங்க பீச்சாங்கை பக்கம் கீதே" என்றார். படம் இடவலமாக மாறி அச்சாகியிருந்தது. விம்கோ நகரில் பிறந்து, தினமும் அதே கடற்கரையை ஒட்டி ரயிலில் வருகிறவள் நான். மூன்று நாள் அந்தப் படத்தின் முன்னால் நடந்திருக்கிறேன். சட்டம் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். கற்றுக்கொண்டிருந்தால் பல்பு கதை நடந்திருக்காது.

போன வருடம் மழைக்காலத்துக்கு நாங்கள் திட்டமிட்ட கண்காட்சியின் பெயர் 'கைபட்ட வண்ணம்'. லாரிக்கும் படகுக்கும் கடைப் பலகைக்கும் பெயிண்ட் அடிக்கிறவர்களின் வேலைகள். காகிதத்தில் அவர்கள் போட்டுப் பார்த்த மாதிரிகளும், தகரப் பலகைகளும், ஒரு லாரியின் பின்கதவும் கிடைத்தன. கண்காட்சியின் நடுவில் வைக்க ஒரு கேரம் போர்டு கிடைத்தது. புளியந்தோப்பில் ஒரு கேரம் கிளப்புக்குச் சொந்தமானது. அதன் சட்டத்தின் நான்கு வெளிப்பக்கத்திலும் மணலியைச் சேர்ந்த ஒரு லாரி பெயிண்டர், மீனும் தாமரையுமாக எனாமலில் வரைந்திருந்தார். அவ்வளவு அழகு.

கிளப்பின் செயலாளரை எல்லோரும் செக்ரட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் ஆட்டோ ஓட்டுவார், மாலையில் செக்ரட்டரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை அந்த கிளப். இரண்டு போர்டு; ஒவ்வொன்றின் மேலும் தகரக் குடைக்குள் ஒரு குண்டு பல்பு தாழ்வாகத் தொங்கும். போர்டை நாங்கள் துணியில் சுற்றும்போது அவர் பல்பையும் குடையோடு கழற்றி என் கையில் கொடுத்தார்.

"போர்டு தனியா போவாது தங்கச்சி. பல்போடதான் போவும். எரிஞ்சிகினே இருக்கணும். அணைக்கக் கூடாது."

"ராத்திரிலயுமா அண்ணே?"

"ராத்திரில நீ மூச்சு வுடுவியா மாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவல் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நாம் ஒரு நிலை அறிக்கை எழுதுவோம் இல்லையா, வாங்கும்போது அது எப்படி இருந்தது என்று? அதில் எனாமல் உதிர்ந்த இரண்டு இடங்களைக் குறித்தேன். நீள அகலம் குறித்தேன். நான்கு மூலை வலைகளில் ஒன்று கிழிந்திருந்ததைக் குறித்தேன். கடைசியில், 'உரிமையாளரின் உணர்வுபூர்வமான வேண்டுகோள்: விளக்கு அணையக் கூடாது' என்று எழுதினேன். அந்த வரியை நீங்கள் கோப்பில் பார்க்கலாம். நான் அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

கூடத்தில் போர்டை அதன் ஸ்டாண்டின் மேல் கிடத்தி, குடையைத் தொங்கவிட்டபோது பல்பை மட்டும் மாற்றினேன். காரணங்கள் மூன்று. ஒன்று, நூறு வாட் குண்டு பல்பின் சூடு எனாமலுக்கு ஆகாது. இரண்டு, ஆள் இல்லாத நேரத்தில் எரிந்தால் நெருப்பு பயம். மூன்று, எல்.இ.டி. அதே மஞ்சள் நிறத்திலேயே கிடைக்கிறது. மூன்றும் சரியான காரணங்கள். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். செக்ரட்டரியின் மனம் நோகாமல் பல்பை இரவும் பகலும் அணையாமலும் வைத்திருந்தேன். என் மேல் எனக்கே மரியாதை கூடியது.

பிறகு மழை பிடித்தது. பகலில் ஏசி ஓடும். மாலை மூடும்போது நிறுத்திவிடுவோம். கடல் காற்று கதவிடுக்கில் வந்துவிடும். ஈரப்பதமானி இரவில் ஏறுவதைப் பார்த்தேன். காகித மாதிரிகளை ஈரம் உறிஞ்சும் பைகளோடு பெட்டிக்குள் வைத்தேன். மற்றதெல்லாம் தகரம், எனாமல், மழையில் ஓடின லாரிக் கதவு. கவலை இல்லை என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணி இருக்கும். வாசலில் பேச்சுச் சத்தம்.

"உள்ள எங்க போர்டு கீதுண்ணே. ரெண்டு ஆட்டம் ஆடிட்டு போயிடறேன்."

"ஆடறதா? இது மீஸியம்மா. பாக்கலாம், தொடக் கூடாது."

"இன்னா பேரு வெச்சிகீறீங்க வெளிய? கைபட்ட வண்ணம். உள்ள வந்தா கைய வைக்காதன்றீங்க. நல்லா கீது நாயம்."

ஜோசப் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இருபத்து நாலு வயதுப் பெண். கழுத்தில் மணலிப் பக்கத்து கம்பெனி அடையாள அட்டை. பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. பெயர் கௌதமி. அந்த கிளப்பின் ஆட்டக்காரி. பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை. ஒரு பெரிய அலுவலகத்தில் விளையாட்டு வீரர்களுக்கான இடத்துக்குத் தேர்வு வைத்திருக்கிறார்கள், கேரம் ஆடிக் காட்ட வேண்டும், பதினோரு நாள் இருக்கிறது என்றாள். அழைப்புக் கடிதம் போர்டை எங்களுக்குக் கொடுத்த பிறகுதான் வந்திருக்கிறது.

"கிளப்புல ஆட வேண்டியதுதானே?"

"கிளப்புல முட்டிக்கால் தண்ணிக்கா. இன்னொரு போர்டு மெதக்குது. பர்மனெண்ட் வேலக்கா. அடுத்த வருசம் எனுக்கு வயசு தாண்டிப்பூடும். இதான் கடேசி."

இரவல் ஒப்பந்தத்தில் யாரும் தொடக் கூடாது என்று நானே எழுதியிருந்தேன். ஆனால் பொருள் அவர்களுடையது. இரண்டு நிமிடம் என்று சொல்லிக் கயிற்றைத் தூக்கிவிட்டேன். பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்தாள். ஒரு காயை நடுவில் வைத்தாள். அவள் விரல் அசைந்ததே தெரியவில்லை. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரவேண்டிய ஸ்ட்ரைக்கர், நடு வட்டத்தைத் தாண்டி, களைத்துப்போன ஆள் மாதிரி நின்றுவிட்டது.

துடைத்தாள். பவுடர் தூவினாள். பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. மறுபடி ஆடினாள். மறுபடி நின்றது.

"போர்டு செத்துப்போச்சுக்கா" என்றாள்.

நான் இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து பலகையின் குறுக்கே நிற்கவைத்துப் பார்த்தேன். நடுவில், ஸ்கேலுக்கு அடியில், கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. பலகை தொய்ந்திருந்தது. கௌதமி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஸ்ட்ரைக்கரைத் துப்பட்டா நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளை உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன். நெருக்கடி வந்தால் நான் செய்வதைச் செய்தேன்: பட்டியல் போட்டேன். ஒன்று, பக்க அறைக்கு மாற்றுவது. இரண்டு, ஈரத்தை மெதுவாக எடுப்பது. மூன்று, போர்டு செய்கிறவர் யாரையாவது விசாரிப்பது. நான்கு, கௌதமிக்கு வேறு போர்டு தேடுவது. ஐந்து, செக்ரட்டரிக்குச் சொல்வது.

அப்போதைய எங்கள் இயக்குநரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். பட்டியலை நின்றபடியே படித்தார்.

"அஞ்சாவது ஏன் அஞ்சாவதா இருக்கு?"

"முதல்ல சரிபண்ணிடலாம் மேடம். சரியானதும் சொன்னா அவருக்கும் அதிர்ச்சியா இருக்காது."

"சரியாகலைன்னா?"

நான் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

"சரிபண்ணத் தெரிஞ்சவர் யாரு இதுல? நீயா, நானா, அவரா?" என்றார். என் பேனாவை வாங்கினார். ஐந்தாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து ஒரு அம்புக்குறியை நான்கு வரிகளுக்கும் மேலே இழுத்துக்கொண்டுபோய் விட்டார். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், கேட்காதீர்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். எண்ணை அழுத்துவதற்கு முன்னால் விளக்கங்களாக ஆறு வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். அவர் "ஹலோ" என்றதும் ஆறும் ஓடிவிட்டன. "அண்ணே, போர்டைக் கெடுத்துட்டேன். நான்தான்" என்றேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அரைமணி நேரத்தில் மழைக்கோட்டோடு வந்தார். தரையெல்லாம் தண்ணீர் சொட்ட நேராகக் கூடத்துக்குள் போனார். கௌதமியைப் பார்த்து, "நீ இன்னாமே இங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போர்டைத் தொடவே இல்லை. அண்ணாந்து பல்பைப் பார்த்தார். பிறகு குடைக்கடியில் உள்ளங்கையை விரித்து நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னாம்மா இது? நெலா வெளிச்சமா?"

"எல்.இ.டி. அண்ணே. அணைக்கவே இல்ல. நீங்க சொன்ன மாதிரியே..."

"அணைக்காதன்னா இன்னா, கோயில் வெளக்கா? மழ நாள்ல மரம் தண்ணி குடிக்கும்மா. மேல சூடு இருந்தா குடிக்காது. அத்துக்குத்தான் பல்பு. வெளிச்சத்துக்குன்னா டியூப் லைட்டு மாட்டிக்க மாட்டனா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் எனக்கு முதல் நாளே சொன்னது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம், எதற்காக என்று தெரிந்த ஒருவர் சொன்ன பராமரிப்பு விதி. அதையே கோட்டு போட்ட நிபுணர் சொல்லியிருந்தால் நான் 'எத்தனை வாட், எத்தனை அங்குல உயரம்' என்று கேட்டிருப்பேன். லுங்கி கட்டிய ஆட்டோக்காரர் தம் பேச்சில் சொன்னதால், அதைப் பாசம் என்று எழுதிக்கொண்டேன். என் மூன்று காரணங்களும் சரிதான். நாலாவதாக ஒரு கேள்வி கேட்கவில்லை: ஏன் அண்ணே?

"பழைய பல்பு எங்க? குப்பையா?"

அது ஒன்றில் நான் தேறினேன். நான் எதையும் எறிகிறவள் இல்லை. இழுப்பறையிலிருந்து, பஞ்சு சுற்றி, எண் எழுதி ஒட்டிய பெட்டியை எடுத்து வந்தேன். அவர் பல்பை வெளியே எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். இழை அறுந்திருக்கவில்லை.

"பச்சக் கொழந்த மாரி சுத்தி வெச்சிகீற. இத்த மேல மாட்டி இருந்தா இந்தப் பேஜாரே இல்ல" என்றார். "இந்த பல்பு இப்பல்லாம் எங்கியும் கெடைக்கறதில்ல தெரியுமா? மண்ணடில ஒரு கடைல சொல்லி வெச்சி வாங்கினேன்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். எடுத்துப்போக இடம் இல்லை. "வூட்ல கட்டில் மேல பாத்திரம் கீது, பாத்திரத்து மேல துணி கீது, துணி மேல என் மாமியார் கீறாங்க. போர்ட எங்க வெக்கறது?" என்றார். அப்படியானால் இங்கேயே இருக்கட்டும், இங்கேயே ஆடட்டும் என்றார் மேடம். ஏசி இல்லாத பக்க அறையில், பழைய பல்பின் கீழே. உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை மாற்றலாம். செக்ரட்டரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பல்பு எத்தனை அங்குல உயரத்தில் தொங்க வேண்டும், போர்டை எந்த நேரத்தில் மூடிவைக்க வேண்டும், பவுடர் எவ்வளவு. முழுதாக ஒரு பக்கம். நெருப்பு பயத்தை மட்டும் நான் விடவில்லை. அதற்கு இரவுக் காவலர் மணிக்கொரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்தோம். செக்ரட்டரி அதைக் கேட்டுவிட்டு, "எங்க கிளப்புல இந்த நோட்டு இல்லியே, நல்ல ரோசன" என்றார்.

"எப்பண்ணே சரியாவும்?" என்று கேட்டேன்.

"ஆச்சின்னா ஒரு வாரம். ஆவாமயும் போவும்."

"செத்த போர்டுல ஆடி நா இன்னா பண்ணப் போறேன்?" என்றாள் கௌதமி.

"ஆடும்மே. கை நிக்காம ஓடட்டும். போர்டு அதுபாட்டுக்கு வரும்."

மறுநாளிலிருந்து, ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்துவிடுவாள். மூடும்வரை ஆடுவாள். முதல் நாலைந்து நாள் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மென்மையாகத் தட்டினால் போகிற காய், இங்கே பாதி வழியில் நின்றது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு விரலை மாற்றிப் பிடித்தாள், கையை மாற்றி வைத்தாள், சட்டத்தில் மோதவைக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு நேராக வெட்டும் ஆட்டத்துக்கு வந்தாள். நான் தினமும் காலையில் ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். கீற்று வெளிச்சம் மெதுவாக மெலிந்துகொண்டு வந்தது.

இதற்கிடையே இன்னொன்று நடந்தது. ஜோசப் அண்ணன் பதிலை மாற்றிவிட்டார். "இந்தவாட்டி உள்ள ஆட்டம் நடக்குது." துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள், பள்ளிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். பக்க அறை கொள்ளவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கருத்து சொன்னார்கள்.

"அத்த வுடு, ரெட்டு காயப் போடு."

"ரெட்டு போட்டா பின்னாடியே ஃபாலோ போட காய் எங்க கீது? உன் பாக்கெட்லயா?"

"தோ, அந்த மூலை வெள்ளை."

"மாமு, ஆடறது நீயா நானா?" என்பாள், நிமிராமலே. அறை சிரிக்கும்.

மேடம் அமைதி காக்கச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் இன்னும் நாலு நாற்காலி போடச் சொன்னார். ஆட்டத்துக்கு நடுவே ஆட்கள் கூடத்துக்குள் போய் வந்தார்கள். லாரிக் கதவின் முன்னால் நின்ற ஒரு ஓட்டுநர், தாமரை இதழ் ஒன்றைக் காட்டி, "இது நம்ம மணலி ஆளு கை. அந்த வளைவு வேற எவனுக்கும் வராது" என்று தன் தோஸ்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கலை வரலாறு படித்தவர் எழுதிய விளக்கப் பலகை பக்கத்திலேயே இருந்தது. அதில் அந்த வளைவைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுநாள் சேர்த்தேன்.

பத்தாம் நாள் போர்டு முக்கால்வாசி வந்துவிட்டது. முழுதாக வரவில்லை. செக்ரட்டரி ஒரு காயைச் சுண்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கௌதமி பையை மாட்டிக்கொண்டு, "வரேன்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வு நாளன்றும் மழை. நான் அன்று ஒரு பட்டியலும் போடவில்லை. ஜோசப் அண்ணன் உச்சிப் பொழுதுக்குள் மூன்று முறை வந்து, "போன் வந்துச்சா?" என்றார். எனக்குள் ஓடியது ஒரே கணக்குதான்: அவள் பழக வேண்டிய வேகத்தில் பழகவில்லை. அந்தப் பதினோரு நாளைத் திருடியது நான். அவளுக்கு அடுத்த வருடம் இல்லை.

நாலு மணிக்குக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா. ஹால் பூரா நெலா பல்புக்கா."

"என்னது?"

"புது ஹாலுக்கா. மேல பூரா எல்.இ.டி. கைய நீட்டிப் பாத்தேன், ஒண்ணுலயும் சூடு இல்ல. மூணு நாளா மழ வேற. போர்டு அல்லாம் நம்ம மீஸியம் போர்டு மாரியே செத்துக் கெடக்குது. வந்தவங்க ஸ்ட்ரைக்கர வுட்டுட்டு மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு கீறாங்க."

"நீ?"

"எனுக்கு இன்னா, பழகுன கழுததான. ரெண்டாவது வந்தேன்கா. ரெண்டு பேர எடுக்கறாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜோசப் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வாசலுக்குப் போய் அங்கே நின்ற லாரிக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். அன்று மாலை டீ அவர் செலவு.

இப்போது நீங்கள் ஒரு தவறு செய்யப் பார்ப்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். 'அப்படியானால் அக்கா செய்த பிழை நல்லதுக்குத்தான்' என்று நினைப்பீர்கள். இல்லை. மழை விட்டிருந்தால், அந்த ஹாலில் பழைய பல்புகள் இருந்திருந்தால், அவள் இன்றைக்கும் மணலியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன். அதிர்ஷ்டம் வந்து என்னைக் காப்பாற்றியது. அதிர்ஷ்டத்தை நிலை அறிக்கையில் எழுத இடம் இல்லை. எழுதவேண்டியது, 'பலகை நடுவில் தொய்வு. காரணம், உரிமையாளர் கொடுத்த பல்பை மாற்றியது. மாற்றியவர்' என்று என் பெயர். எழுதினேன். போர்டு செய்கிறவரை நம் செலவில் வரவழைத்து அடிக்கட்டையை இறுக்கிக் கொடுத்தோம்.

கண்காட்சி முடிந்து, தண்ணீர் வடிந்து, புளியந்தோப்புக்குப் போர்டைக் கொண்டுபோனபோது செக்ரட்டரி அந்த அறிக்கையைக் கையெழுத்துப் போடும் முன் கிளப் முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் இரண்டு முறை படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கேலிதான். ஆனால் ஒருவர் எழுந்து எனக்கு ஸ்டூல் கொடுத்தார்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத" என்றார் செக்ரட்டரி. "எனுக்கு ஒண்ணு வோணும். அந்த நெலா பல்பு கீதா?"

"எதுக்கண்ணே?"

"இனிமே அல்லா ஹால்லயும் அதான மாட்டுவான்? ஒரு போர்டு சூடு பல்புல. இன்னொண்ணு நெலா பல்புல. பசங்க ரெண்டுத்துலயும் ஆடிப் பழகட்டும்." பிறகு ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, என்னைப் போலவே கோடு போட்டு எழுதினார். அதை நீலக் கோப்பின் கடைசி உறையில் வைத்திருக்கிறேன். 'பல்பு ஒன்று. மஞ்சள். சூடு இல்லை. உடைப்பு இல்லை. இரவல் வாங்கியவர்: செக்ரட்டரி.' அடியில் சாட்சிக் கையெழுத்து கௌதமியுடையது. அப்போது அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது.

கையெழுத்துப் போடும்முன் நான் அவரிடம் கேட்டேன்: "இதை எப்படி வெச்சிக்கணும்னு நான் சொல்ல வேணாமா அண்ணே?"

"சொல்லும்மா" என்றார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுத நிஜமாகவே காத்திருந்தார்.

இருபத்து நான்காவது பல்பு அங்கே எரிகிறது. மழைக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திருப்பிக் கேட்காதீர்கள். பட்டியலில் 'இரவலில் உள்ளது' என்று எழுதினால் போதும்.